உப்புத் தண்ணியும் ஆடிக் காற்றும்: மொட்டை மாடியில் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றாலே ஊட்டிக் குளிரில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்கிற செடி என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. சிம்பிடியம் என்கிற ஆர்க்கிட் வகையைப் பொறுத்தவரை அது சரிதான். இரவுக் குளிர் இல்லாமல் அது பூக்காது. அதை வாங்கி வந்து அவினாசியில் வைத்து மெனக்கெடுவது வீண். ஆனால் டென்ட்ரோபியம், வாண்டா, மொக்காரா எல்லாம் தாய்லாந்தின் வெக்கையிலும் புழுக்கத்திலும் நிழல்வலைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் வளர்க்கப்படுபவை. வலை போட்டுக் கொடுத்தால் நம் ஊர் வெயிலையும் தாங்கிக்கொள்ளும். கொங்கு நாட்டில் அவை சாவதற்கு முக்கியமாக இரண்டு காரணம்தான். ஒன்று, போர் தண்ணீரில் இருக்கிற உப்பு. இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆனி, ஆடி முழுக்க விடாமல் அடிக்கிற காற்று. இந்த இரண்டுக்கும் வழி பண்ணிவிட்டால் மிச்ச வேலை சுலபம். மல்லிகைக்குப் படுகிற பாட்டில் பாதிகூட வேண்டாம்.

எங்கள் வீடு அவினாசி–திருப்பூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கீழே முழுக்க அத்தையின் ராஜ்யம்: அடுக்குமல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, வாசலோரம் நித்தியமல்லி. அங்கே எனக்கு ஒரு சட்டி வைக்கக்கூட இடம் கிடைக்காது. எனக்கு வந்தது மொட்டை மாடி. அதில் மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டிய இடத்தை எடுத்துக்கொண்டேன். காலை வெயில் நன்றாக விழும், மதியம் இரண்டு மணிக்கு மேல் அறையின் நிழல் வந்துவிடும், மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் அந்தச் சுவரே முதல் தடுப்பு. செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நிழல் எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கோடையில் பார்த்தது மார்கழிக்குப் பொருந்தாது. சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் சித்திரையில் நிழலாக இருந்த மூலையில் மார்கழியில் வெயில் ஏறி வந்து உட்கார்ந்திருக்கும்.

பந்தலுக்கு ஒரு அங்குலச் சதுர ஜி.ஐ. பைப்பில் சட்டம். பத்தடிக்கு எட்டடி, உயரம் ஏழரை அடி. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: “ஏனுங்கக்கா, தளத்துல ஓட்டை போட்டு போல்ட் அடிச்சுரலாமுங்களா?” தளத்தில் ஓட்டை போட்டால் ஐப்பசி மழைக்குக் கீழ் அறையில் ஒழுகும். போடாமல் விட்டால் ஆடிக் காற்றுக்குப் பந்தல் பக்கத்து வீட்டு மாடியில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு அவரே வழியும் சொன்னார். “அப்பன்னா பெயிண்ட் வாளில காங்கிரீட் போட்டுக் காலை நட்டுருங்க. எந்தக் காத்துக்கும் அசையாதுங்க.” 20 லிட்டர் வாளி நிறையக் காங்கிரீட் என்றால் ஒன்று ஏறக்குறைய 48 கிலோ வரும். ஆறு கால், ஆறு வாளி. கலவையை மாடியிலேயே போட வேண்டும். கீழே போட்டு இறுகியதைத் தூக்கி ஏற்றுவது நடக்காத காரியம். கீழே பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து வாளிகளை வைத்தோம்.

நிழல்வலை, கிளிப், நைலான் கயிறு எல்லாம் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிற கடையிலேயே கிடைக்கும். 50 சதவீதமா 75 சதவீதமா என்று கேட்பார்கள். அது எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்கிற கணக்கு. டென்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் கூரையில் 50 போதும். சித்திரை, வைகாசிக்கு மட்டும் மேலே இன்னொரு அடுக்கு. அதை ஓரடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், ஒட்டிக் கட்டினால் சூடு நடுவில் தங்கிவிடும். வலையின் விளிம்பைத் துளைத்துக் கட்டினால் முதல் காற்றிலேயே கிழியும். விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே கயிறு ஓட்டினால் பல வருடம் நிற்கும். தைத்துக் கொடுக்க ஆளுக்கா பஞ்சம்? திருப்பூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பவர் மிஷின்.

காற்றுத் தடுப்பில்தான் பலரும் தகரத்தையோ பாலிதீனையோ மாட்டிவிடுகிறார்கள். முழுதாக அடைத்த தடுப்பின் மேல் காற்று ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். செடி அடிபடுவது அந்தச் சுழலில்தான். பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற வலைதான் வேகத்தைக் குறைக்கும். அதனால் மேற்கிலும் தென்மேற்கிலும் அதே 50 சதவீத வலையையே நெட்டாகத் தொங்கவிட்டுக் கீழும் மேலும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலை நிற்கிறதே, அந்தக் காற்றுக்கு என் பந்தல் எம்மாத்திரம்! ஆனாலும் இதுவரை நிற்கிறது.

அதற்காகக் காற்றே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆர்க்கிட்டில் நாம் வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற வகை. மழை பெய்தால் சொட்டச் சொட்ட நனையும், நின்றதும் காற்றில் காயும். நனைவது, காய்வது, மறுபடி நனைவது. வேர் எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும். அந்த வகையில் நம் காற்று ஒரு கொடுப்பினை. கேரளத்தில் வளர்க்கிறவர்கள் அழுகலோடு படுகிற பாடு நமக்குக் குறைவு.

தண்ணீர் கதை கொஞ்சம் நீளம். எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், முறை வைத்து விடுவார்கள், அதற்கு நல்ல தண்ணி என்று பெயர். இன்னொன்றில் போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணி. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. எங்கள் போர் தண்ணீரில், கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். மண்ணில் நிற்கிற மல்லிகை அதை ஓரளவு சமாளிக்கிறது. ஆர்க்கிட்டின் வேருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வேரைச் சுற்றி வெலாமென் என்று ஒரு படலம் இருக்கிறது, உயிரற்ற வெற்று செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிக்கொண்டு பச்சையாக மாறும். உப்புத் தண்ணீரை ஊற்றினால், நீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் அங்கேயே தங்கும். முதலில் வேர்நுனி கருகும், அப்புறம் இலைநுனி. மண்சட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளே உப்பு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ். 200-க்குக் கீழே இருந்தால் செடிக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

மழைத் தண்ணீர்தான் இருப்பதிலேயே சிறந்தது. கணக்கு ரொம்பச் சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 90 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை நாலு பெய்தால் மாடியில் இருக்கிற டிரம் எல்லாம் ரொம்பிவிடும். முதல் பத்து நிமிடத் தண்ணீரில் புழுதியும் புறா எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். டிரம் வாயில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மழைத் தண்ணீர் மாசிக்குள் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். கோடையில் செடிக்கு அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் ஏ.சி.யும் அதிகம் ஓடுகிறது, அதனால் சரியாக ஈடு கட்டும். குழாயின் முனையில் ஒரு வாளி, அவ்வளவுதான். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வருகிற கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் ஆர்க்கிட் பக்கம் மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம். நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு உப்பையெல்லாம் திரட்டித் தள்ளுவதுதான் அந்தக் கழிவு. போர் தண்ணீரைவிட மோசம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மழைத் தண்ணீரும் ஏ.சி. தண்ணீரும் சுத்தமோ சுத்தம். அதில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் கிடையாது. அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் புது இலைகள் சுணங்கும். உப்புத் தண்ணியில் இவை இரண்டும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஆகவே பத்து மக்கு மழைத் தண்ணீருக்கு ஒரு மக்கு போர் தண்ணீர். மீட்டர் 100 பக்கம் காட்டும். தனியாகக் கால்சியம் நைட்ரேட் வாங்குகிற செலவு மிச்சம்.

சட்டியில் போடுவதற்கு மண் வேண்டாம். இதைச் சொன்னபோது அத்தை, “மண்ணே இல்லாம செடி எப்பிடிக் கண்ணு நிக்கும்?” என்று கேட்டது நியாயமான கேள்விதான். நிற்பதற்குப் பிடிமானம் வேண்டும், ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும், நடுவில் காற்று புக வேண்டும். கடையில் ஆர்க்கிட் கலவை என்று பையில் அடைத்து விற்பதை வாங்கத் தேவையே இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிமட்டை மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. காங்கேயத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். பழைய ஓட்டு வீட்டை இடிக்கிற இடத்தில் உடைந்த ஓடு சும்மாவே கிடைக்கும். மூன்றும் சேர்ந்தால் கலவை ஆயிற்று.

உரிமட்டையை அப்படியே போடக் கூடாது. அதில் டானின் சாறும் உப்பும் இருக்கும். மட்டையை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக அரிவாளால் வெட்டி வாளியில் ஊறப் போட வேண்டும். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கட்டன்காப்பி நிறத்தில் இருக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஊறப் போட வேண்டும், நிறம் நன்றாக வெளுக்கும்வரை. கடைசி ஊறலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. கரியை உடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு போதும், தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும். அந்தத் தூளை மல்லிகைக்குப் போடலாம். ஓட்டுச் சில்லை ஒரு தடவை நன்றாகக் கழுவினால் போதும். நம் வறண்ட காற்றுக்கு மட்டை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நான் போடுவது பாதி மட்டை, மீதிப் பாதியில் கரியும் ஓடும் சமமாக.

டென்ட்ரோபியத்தைச் சட்டி மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. நர்சரியிலிருந்து வந்த செடியின் பிளாஸ்டிக் தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வைத்தால் வேர் இளகும். வேரைப் பிய்க்காமல் தொட்டியை வெட்டி எடுத்துவிடலாம். பழைய மட்டையைக் கிள்ளிக் கிள்ளி அகற்றும்போது வேரை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல வேர் திண்ணென்று இருக்கும். செத்த வேரை அழுத்தினால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் நிற்கும், அதை வெட்டிவிடலாம். கத்தியை ஸ்டவ் நெருப்பில் காட்டி ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் அப்படியே. வைரஸ் இந்தக் கத்தி வழியாகத்தான் பரவும்.

டென்ட்ரோபியம் பக்கவாட்டில் நகர்ந்து வளர்கிற செடி. பழைய தண்டுகள் ஒரு பக்கம், புதுத் துளிர் ஒரு பக்கம். பழைய பக்கத்தைச் சட்டியின் விளிம்போடு ஒட்டி வைத்து, புதுத் துளிருக்கு முன்னால் இடம் விட வேண்டும். பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட மண்சட்டியாக இருக்கட்டும். அடியில் பெரிய ஓட்டுச் சில், மேலே கலவை, அதற்கும் மேலே செடி. அடித்தண்டு கலவைக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் துளிர் அழுகும். வேர் பிடிக்கிறவரை செடி ஆடக் கூடாது, ஆடினால் புது வேரின் நுனி உரசித் தேய்ந்துவிடும். ஒரு குச்சி நட்டுக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு எங்கள் ஊரில் கிடைக்கிற பனியன் வேஸ்டை மிஞ்ச ஒன்றும் இல்லை: இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது, மழையில் நனைந்தாலும் இறுகாது. நட்ட பிறகு சில நாள் தண்ணீர் ஊற்றாமல் இலையில் மட்டும் தெளித்தால் வெட்டுக் காயம் ஆறும்.

இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிற பழைய தண்டை வெட்டித் தள்ளிவிடச் சிலருக்குக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். அதில்தான் செடியின் சேமிப்பு இருக்கிறது, அதிலிருந்தும் பூக்கும்.

வாண்டாவுக்குச் சட்டியே வேண்டாம். மரக்கூடையிலோ பிளாஸ்டிக் கூடையிலோ நிறுத்திக் கம்பியில் தொங்கவிட்டால் வேர் நாலு பக்கமும் தொங்கும். தாகம் அதிகம். காலையில் ஒரு வாளித் தண்ணீரில் வேர் முழுவதையும் பத்துப் பதினைந்து நிமிடம் அமுக்கி வைத்து, வெள்ளி நிறம் பச்சையானதும் எடுத்து மாட்டிவிடுவேன். ஆடியில் அது பதினோரு மணிக்கெல்லாம் மறுபடி வெள்ளையாகிவிடும், மாலையிலும் ஒருமுறை வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வாண்டாவில் தொடங்காமல் இருப்பது நல்லது. டென்ட்ரோபியம் பொறுத்துக்கொள்ளும்.

கடையில் பூவோடு அழகாகத் தாளில் சுற்றி விற்கிற ஃபாலனாப்சிஸ் பற்றிக் கேட்பார்கள். அது வீட்டுக்குள் கிழக்கு ஜன்னலோரம் வளர்கிற ஜாதி. இரவு குளிர்ந்தால்தான் பூந்தண்டு விடும். நம் பக்கம் மார்கழி, தையில் அந்தக் குளிர் தானாகவே கிடைத்துவிடுகிறது. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கண்டம் தாண்டியது.

பங்குனி, சித்திரைதான் சோதனை. வெறுங்காலோடு மாடியில் நிற்க முடியாது, அந்தத் தளத்தின் சூடு கீழிருந்து செடிக்கு ஏறும். தளத்தில் பழைய சாக்கைப் பரப்பி மதியம் ஒருமுறை நனைத்துவிட்டால் பந்தலுக்குள் நுழையும்போதே வித்தியாசம் தெரியும். சாக்குக்கு உப்புத் தண்ணியே போதும். வெயில் காயும்போது செடிமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஆடியில் வாண்டாவின் வேரை மாலையில் நனைப்பது தவிர, ஊற்றுவது எப்போதும் காலையில், பொழுது சாய்வதற்குள் இலைக் கக்கம் காய்ந்திருக்க வேண்டும். வெயில் போதுமா என்று இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் வெயில் பத்தவில்லை, பூக்காது. இளம்பச்சை சரியான பக்குவம். லேசாகச் செம்மை ஓடினால் அதுதான் எல்லை.

உரத்தில் சிக்கனம் வேண்டும். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமம்) என்று உரக்கடையில் விற்கிற கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, வேரை நனைத்த பிறகு. மாதத்தில் ஒரு வாரம் உரமே இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். தண்டு முழு வளர்ச்சிக்கு வந்தபின் சாம்பல்சத்து கூடுதலாக உள்ள 13:0:45-ஐ மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். சாணிக் கரைசலும் மண்புழு உரமும் கீழே அத்தையின் செடிகளுக்கு அமிர்தம். இங்கே ஊற்றினால் மட்டை இடுக்கு அடைந்து காற்று நின்றுவிடும்.

பூச்சியில் நமக்குத் தலைவலி செம்பேன். காய்ந்த வெக்கையில் இலையின் அடிப்புறம் வெளுத்துப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அதுதான். காலையில் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் கட்டுப்படும். மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். மழைக்காலத்தில் நத்தை வரும். புது வேரின் பச்சை நுனி அதற்குப் பிரியம். இரவு டார்ச் அடித்துப் பொறுக்குவதைத் தவிர நம்பகமான வைத்தியம் வேறு இல்லை.

இவ்வளவும் எதற்கு என்றால் பூவுக்கு. தண்டின் மேல் கணுவில் முதலில் ஒரு சிறு புடைப்பு. அது குட்டிச் செடியா, பூந்தண்டா என்று சில நாள் தெரியாது. பூந்தண்டு என்றால் கூராக நீண்டு வெளியே சாயும். மொட்டுகள் பச்சையாக வரிசை கட்டி, அடியில் இருப்பது முதலில் நிறம் ஏறும். விரிவதற்கு முன்னால் மொட்டின் காம்பு மெல்ல முறுக்கிக்கொண்டு அரைவட்டம் திரும்புகிறது. மேலே இருக்க வேண்டிய உதடு என்கிற தனி இதழ் கீழே வந்து வண்டு இறங்குவதற்குத் திண்ணையாக அமைகிறது. இதைத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பதற்காகவே மாடி ஏறலாம். பூ விரிந்தபின் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அப்படியே நிற்கும். மல்லிகை மொட்டை விடியலில் பறித்தால் இரவில் விரிந்து மறுநாள் வாடிவிடும். “வாசமும் இல்ல, தலைல வெக்கவும் முடியாது, இதுக்கா கண்ணு இத்தன பாடு?” என்று அத்தை இன்னும் கேட்கிறார். அவருக்கு ஒரு பூ என்றால் கார்த்திகைக் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்து, பங்குனியில் மடி நிறையப் பறித்து, உட்கார்ந்து கட்ட வேண்டும். எனக்கும் அந்தச் சுகம் தெரியும். இது வேறு சுகம், பறிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. நான் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் விடுவது அவர்தான். “அத்தை, உப்புத் தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூத்த செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த வாழைத்தார் பழுக்கிற அறையில் ஆர்க்கிட்டை வைக்கக் கூடாது. பழுக்கிற பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு பட்டால் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும், விரிந்த பூவும் சீக்கிரம் வாடும். எங்கள் வீட்டில் தார் எப்போதும் ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) மூலையில் தொங்கும், அதனால் பூச்சட்டி ஆசாரத்துக்குள் வருவதில்லை. இதே வாயு பூவுக்குள்ளேயும் உண்டாகும். கருவண்டு வந்து மகரந்தத்தைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று அந்த ஒரு பூ மட்டும் ஓரிரு நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

இந்தக் குடும்பம் நம் விவசாயிகளுக்குப் புதிதும் அல்ல. 2000-களின் தொடக்கத்தில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் நிழலில் கொடி ஏற்றி வளர்த்த வனிலாவும் ஆர்க்கிட்தான். பூ விரிகிற அன்று காலையிலேயே குச்சியால் ஒவ்வொன்றாக மகரந்தம் சேர்க்க வேண்டும். விலை எங்கேயோ ஏறி, அப்புறம் சரிந்து, பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள்.

காட்டு ஆர்க்கிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் வறண்ட காடுகளில் வாண்டா டெசெல்லாட்டா தானாகவே மரத்தில் வளர்கிறது. கட்டம் போட்ட பழுப்பு இதழ், ஊதா உதடு, நல்ல வாசனை. ஆனைமலை, வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் கிளையோடு ஒடித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படியும் தப்பு, வீட்டில் பெரும்பாலும் பிழைக்கவும் பிழைக்காது. ஆர்க்கிட் விதை தூசி அளவு; உள்ளே உணவுச் சேமிப்பு இல்லாததால் காட்டில் ஒரு பூஞ்சையின் துணை இல்லாமல் முளைக்காது. 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். அப்புறம் திசு வளர்ப்பும் வந்தது. இன்று நர்சரியில் சாதாரணமானவர் வாங்குகிற விலைக்கு டென்ட்ரோபியம் கிடைப்பது அதனால்தான். காட்டு வகைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர்நுனி பச்சையாகவோ சிவப்பாகவோ உயிரோடு இருக்க வேண்டும். தண்டு மூன்றுக்குக் குறையாமல், ஒரு புதுத் துளிராவது இருந்தால் நல்லது. மட்டை இரண்டு வருடத்தில் மக்கிக் கூழாகும், அப்போது மறுபடி சட்டி மாற்ற வேண்டும். அதற்குத் தை, மாசி நல்ல நேரம், கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

டென்ட்ரோபியத்தின் மேல் கணுவில் சில சமயம் பூவுக்குப் பதில் வேரோடு குட்டி வரும். வேர் இரண்டு அங்குலம் நீண்டபின் கத்தியால் எடுத்து, வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவிச் சின்னச் சட்டியில் வைத்தால் தனிச் செடி. இந்த வருடம் வந்த குட்டிகளில் ஒன்றைச் சட்டியில் வைக்காமல் கீழே மாமரத்தில் ஏற்றப் போகிறேன், அத்தையும் சம்மதித்துவிட்டார். மரத்தின் கிழக்குப் பக்கம், ஆளுயரத்தில், சொரசொரப்பான பட்டை இருக்கிற கிளையாகப் பார்த்து வைத்திருக்கிறேன். புரட்டாசியில், ஆடிக் காற்று ஓய்ந்தபின், ஒரு கை அகல உரிமட்டையை அடியில் வைத்து, செடியைப் பனியன் துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பிடித்த பிறகு துணியை அறுத்துவிடலாம்.